பாவு பழுதானால் பட்டேது?

பாவு பழுதானால் பட்டு நிலைக்குமா? வெம்பாக்கத்துத் தறிகளைக் கேட்கிறோம். மனித உடலுக்குப் பாவு ஓடுவது தாயின் கருவறையில்! அங்கே ஊட்டம் குன்றினால், பிறக்கும் பிள்ளைக்குப் பின்னாளில் நீரிழிவும் நெஞ்சு நோயும் அண்டும் ஆபத்து மிகுதி.

தாய்க்கும் சேய்க்கும் வாதாடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில், தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்தார். பழித்தது சமூகம், பணிந்தாரா? இல்லை! 1912இல் மருத்துவரானார். சென்னைச் சட்டசபையில் நுழைந்து, பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் தனி மருத்துவமனை கேட்டார். 1968இல் மறைந்தார்; பெயர் மறையவில்லை. ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அது பிச்சையல்ல, உரிமை! தறிக்குழியில் அமர்ந்திருக்கும் தோழனே, துணைவி கருவுற்றதும் செவிலியரிடம் பதிந்துவிடு. முட்டையும் கீரையும் முதலில் அவள் இலையில் விழட்டும். நாளைய தமிழகத்துக்கு நாம் ஓட்டும் பாவு அது!