கோலாலம்பூர் கண்ட தம்புசாமிப் பிள்ளை

பிறந்த மண்ணை நீங்கிப் பிறிதோர் ஊரில் குடியேறுவோர் இருவகையினர். பொருளீட்டும்வரை தங்கியிருந்து, ஈட்டியதும் மூட்டை கட்டுவோர் ஒருவகையினர். புகுந்த ஊரையே தம் ஊராகக் கொண்டு, அதன் நன்மை தீமைகளில் பங்கேற்போர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினருள் தலையாய இடம் பெறத்தக்கவர், மலாயா நாட்டில் வாழ்ந்து மறைந்த காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளையவர்கள். சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழும் நமக்கு அவர்தம் வரலாறு வெறும் பழங்கதையன்று.

பிள்ளையவர்கள் 1850ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தார். காயாரோகணம் என்பது நாகப்பட்டினத்தில் கோயில் கொண்டுள்ள சிவபெருமானின் திருநாமம். நாகைத் துறைமுகத்திலிருந்தே அக்காலத்தில் தமிழர் பல்லாயிரவர் கப்பலேறிக் கீழ்த்திசை சென்றனர். கடல் கடந்த பின்னரும் ஊர்த் தெய்வத்தின் பெயரை மறவாது மக்களுக்குச் சூட்டிய மரபினர் அவர்கள். பிள்ளையவர்களும் தம் மகனுக்குக் காயாரோகணம் என்றே பெயரிட்டார்.

சிங்கப்பூரில் ஆங்கிலக் கல்வி பெற்ற அவர், அந்நகரில் வழக்கறிஞராக விளங்கிய ஜேம்ஸ் கத்ரி டேவிட்சனிடம் எழுத்தராக அமர்ந்தார். 1875இல் டேவிட்சன், சிலாங்கூர் நாட்டின் முதல் ரெசிடெண்ட், அஃதாவது சுல்தானுக்கு ஆலோசனை கூறும் ஆங்கில அரசின் பிரதிநிதி ஆனார். அவருடன் இளைஞர் தம்புசாமியும் சிலாங்கூர் சென்றார். அப்போது அவருக்கு வயது 25.

அவர் சென்ற காலத்துச் சிலாங்கூரைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1857இல் வெள்ளீயம் தேடிக் கோலாலம்பூர்க் காட்டில் இறங்கிய 87 சீனத் தொழிலாளருள், ஒரு மாதம் கழிந்தபோது எஞ்சியவர் 18 பேர் மட்டுமே. ஏனையோரைக் காட்டுக் காய்ச்சல் கொண்டு போயிற்று. பின்னர் மூண்ட உள்நாட்டுப் போர் 1873 வரை நீடித்தது. எரிந்த ஊரைச் சீனர் தலைவர் யாப் ஆ லோய் மீண்டும் எழுப்பினார். 1880இல் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிற்று. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கூரை வீடுகளை அழித்தன. இத்தகைய இடத்தில் வேரூன்றி நிற்பதற்கு அறிவு மட்டும் போதாது, நெஞ்சுரமும் வேண்டும்.

பிள்ளையவர்கள் அரசாங்கக் கருவூலத்தில் பணியாற்றினார். நாணயமும் கணக்குத் திறமையும் அவரை உயர்த்தின. கருவூல அதிகாரி இல்லாத காலங்களில் அப்பொறுப்பையே ஏற்று நடத்தும் அளவுக்கு அவர்பால் அரசினர் நம்பிக்கை வைத்தனர். வெள்ளையர் கையிலேயே உயர்பதவிகள் யாவும் இருந்த நாளில் இஃது எளிதில் வாய்ப்பதன்று.

பின்னர் அரசுப் பணியை விடுத்து வாணிகத் துறையில் இறங்கினார். ஒப்பந்த வேலைகளும் ஈயச் சுரங்கங்களும் அவருக்குப் பெருஞ்செல்வம் தந்தன. புகழ்பெற்ற சீன வணிகர் லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங் என்னுமிடத்தில் சுரங்கம் நடத்தினார். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க மின்சாரத்தைப் பயன்படுத்தியதும், 1894இல் ரவாங்கில் மின்விளக்கு எரிந்ததும் மலாயா நாட்டுக்கே புதுமையாயின. தமிழரும் சீனரும் தத்தம் கூட்டத்துக்குள்ளேயே ஒதுங்கி வாழ்ந்த காலத்தில், பிற இனத்தாருடன் கைகோத்துத் தொழில் செய்யலாம் என்று காட்டியவர் அவர்.

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் தகாது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி 1886இல் ரயில் ஓடியது. அப்பாதைகளை அமைக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளரை வருவித்ததில் பிள்ளையவர்களுக்குப் பங்குண்டு. ஒப்பந்தக் கூலிகளாக வந்த அம்மக்கள் பட்ட துயரம் பெரிது. காய்ச்சலும் கடனும் அவர்களை வாட்டின. ஊர் திரும்பாமலே மாண்டவர் பலர். அவ்வொப்பந்த முறை ஒழிந்தது 1910இல்தான். ஒரு பெரியாரின் செல்வத்தைப் போற்றும்போது, அச்செல்வம் விளைந்த நாட்டில் வியர்வை சிந்திய பெயரறியா மக்களையும் நினைத்தல் நம் கடமை. அவ்வாறு நினைத்த பின்னரே, பிள்ளையவர்கள் தம் பொருளையும் செல்வாக்கையும் எவ்வழியில் செலவிட்டார் என்பதன் அருமை விளங்கும்.

முதலாவது, வழிபாட்டுக்கு இடம் கண்டார். அவர் நிறுவிய மகாமாரியம்மன் கோயில், பிற்காலத்தில் ரயில் நிலையம் எழுந்த பகுதிக்கருகே கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியது. 1885இல் அது ஹை ஸ்திரீட் எனப்பட்ட பெருந்தெருவுக்கு மாற்றப்பட்டது. 1887இல் செங்கல் கட்டடமாயிற்று. பிள்ளை குடும்பத்தின் வழிபாட்டிடமாக இருந்த அக்கோயில் 1920களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, பின்னர் அறங்காவலர் குழுவின் பொறுப்பில் வந்தது.

நகருக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் குகைகள் பல உள்ளன. பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரால் அவ்விடம் பத்து எனப்படும். மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் கல் என்பது பொருள். தமிழர் நாவில் அது பத்துமலை ஆயிற்று. பெருங்குகையின் வாயில் வேல்வடிவாகத் தோன்றக் கண்ட பிள்ளையவர்கள், 1891இல் அங்கு முருகப்பெருமானுக்கு வேல் நிறுவினார். மறு ஆண்டிலிருந்து தைப்பூச விழா நடந்து வருகிறது. 1920இல் மரப்படிகள் அமைக்கப்பட்டன. இன்று 272 படிகள் உள்ளன. ஆண்டுதோறும் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் தேர் பத்துமலையை அடையும்போது, தமிழரேயன்றிச் சீனரும் காவடி தூக்கி வருவதைக் காணலாம்.

கோயிலோடு நின்றிருந்தால் அவர் தம் இனத்தாரின் தலைவராக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார். 1890இல் கோலாலம்பூருக்குச் சுகாதார வாரியம் ஏற்பட்டது. பின்னாளில் மாநகராட்சியாக வளர்ந்த அமைப்பின் வித்து அதுவே. சாக்கடை, குப்பை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை அதன் கவலைகள். அவ்வாரியத்தில் இந்தியரின் சார்பாக அமர்ந்து பிள்ளையவர்கள் பணியாற்றினார். காய்ச்சலால் ஊர் அழிந்த கதையை அறிந்தவருக்குச் சாக்கடை சிறிய செய்தியாகத் தோன்றாது.

அடுத்தது கல்வி. 1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்காகத் திரட்டிய நிதியில் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. அதைக் கொண்டு ஆங்கிலப் பள்ளி தொடங்கும் முயற்சி எழுந்தபோது, லோக் இயூ, யாப் குவான் செங் ஆகிய சீனப் பெருமக்களுடன் பிள்ளையவர்களும் பொருளுதவி செய்து அறங்காவலருள் ஒருவரானார். 1893இல் அடிக்கல் நாட்டப்பெற்ற விக்டோரியா கல்விச்சாலை எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் இடமளித்தது. மாரியம்மன் கோயில் அமைந்த அதே தெருவில்தான் அப்பள்ளியும் முதலில் எழுந்தது. தம்மவர் வணங்கக் கோயிலும், ஊரார் அனைவரும் பயிலப் பள்ளியும் ஒரே தெருவில் அமைந்தது அவர் வாழ்க்கைக்கே பொருள் கூறுவதாக உள்ளது.

1902ஆம் ஆண்டில், 52ஆம் வயதில் பிள்ளையவர்கள் இயற்கை எய்தினார். கோலாலம்பூரில் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விக்டோரியா பள்ளியில் மாணவர் அணி ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பெற்றது. அவர் அடியெடுத்து வைத்தபோது நோய்க்கஞ்சிய சிற்றூராக இருந்த இடம், இன்று மலேசியாவின் தலைநகராய் விளங்குகிறது.

அவர்தம் வாழ்வில் நாம் கற்க வேண்டியது யாது? புகுந்த ஊரில் தமிழர் தமக்கென ஒரு கோயிலோ சங்கமோ அமைத்துக்கொள்வது இயல்பு. அது வேண்டியதும் ஆகும். ஆயினும் அவ்வூரின் சாக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் தம் பொறுப்பாக எண்ணும் நாளிலேயே அவர்கள் அவ்வூரார் ஆகின்றனர். ஆண்டு விழாவுக்குக் கூடியுள்ள நாம், நம் மொழியும் கலையும் வளர்க்கும் கையோடு, நம்மை ஏற்று வாழவைக்கும் இந்நகரின் பொதுப்பணிகளிலும் முன்நிற்போமாயின், தம்புசாமிப் பிள்ளையவர்களின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியைப் பெறுவோம்.