வயிற்றுக்குள் ஒலியை அனுப்பியவர்

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தீராத வயிற்றுவலியோடு வரும்போது, முதலில் மலப் பரிசோதனைக்கே எழுதித் தருகிறேன். நாடாப்புழுவின் முட்டைகள் ஒரு நாள் தென்படும், மறுநாள் தென்படா. விடை கிடைக்காதபோது ஸ்கேன் கருவியை நாடுகிறேன். குடலுக்குள் வெண்கோடு ஒன்று நெளிந்தால், கதிர்வீச்சும் ஊசியும் இன்றியே ஐயம் பெரிதும் விலகுகிறது. பள்ளிகளில் ஒரே வேளை தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரை உருளைப்புழுவை நன்கு வெளியேற்றும். நாடாப்புழுவுக்கு அது போதாமல் போகலாம். எந்தப் புழு என்று அறிவது ஆகவே அவசியம். அப்போதெல்லாம் இயன் டொனால்டை நினைத்துக்கொள்கிறேன்.

1910-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் மருத்துவராகப் பணியாற்றியபோது ராடார், சோனார் நுட்பங்களை அறிந்தார். 1954-இல் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியரானார். மறு ஆண்டு, அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். உலோகத்தில் விரிசல் தேடும் கருவியால் அவற்றைச் சோதித்தார். நீர்க்கட்டியும் திண்ணிய கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன.

குணப்படுத்த இயலாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண் ஒருவருக்கு, வயிற்றில் இருப்பது சினைப்பை நீர்க்கட்டியே என்று அவருடைய கருவி காட்டியது. அறுவைச் சிகிச்சையில் அப்பெண் பிழைத்தார். மருத்துவர் ஜான் மேக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோருடன் 1958-இல் லான்செட் இதழில் டொனால்டு எழுதிய கட்டுரை ஐயுற்றவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இதய அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னும் உழைத்த அவர், 1987-இல் மறைந்தார்.

கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்தவர் டொனால்டு. அவர் தந்த கருவியோ நம் நாட்டில் பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்கத் துணைபோனது. அதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தப்படக் கூடாது. அதன் விதிகளின்படி, பதிவுபெற்ற மருத்துவமனையிலும் நடமாடும் மருத்துவ வாகனத்திலும் மட்டுமே கையடக்க ஸ்கேன் கருவியைப் பயன்படுத்த இயலும். அந்த இரண்டாவது வழி நமக்குத் திறந்தே இருக்கிறது. மலைக் கிராமங்களுக்குச் செல்லும் வாகனங்களில் பதிவுபெற்ற கருவியையும் பயிற்சி பெற்ற மருத்துவரையும் அரசு சேர்க்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் கூலியை இழந்து மலையேறி வரும் தாய்க்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம் இது.