விபுலாநந்த அடிகளும் கீழ்ப்படிதலும்

கீழ்ப்படிதல் என்ற சொல்லைக் கேட்டவுடனே இளைஞராகிய நாம் முகஞ் சுளிக்கின்றோம். மிஷன் பாடசாலையிலே மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கிய எம்போன்றார்க்கு அச்சொல் பிரம்பையே நினைப்பூட்டும். பெரியோர்களோ, இக்காலப் பிள்ளைகளிடம் அது இல்லையே என வருந்துகின்றனர். இரு சாராரும் விபுலாநந்த அடிகளின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நன்று.

1892ஆம் ஆண்டிலே மட்டக்களப்பின் தென்பாலுள்ள காரைதீவிலே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகத் தோன்றியவர் மயில்வாகனனார். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டுநகரில் அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். பாதிரிமாரிடம் கற்றும் சைவத்தை விட்டாரல்லர்; அவர்தம் கல்லூரிகளிலே ஆசிரியராயிருந்து தொண்டு செய்யவும் பின்னின்றாரல்லர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பதவியும் மதிப்பும் கைகூடிய முப்பதாம் வயதிலே, 1922இல், யாவற்றையும் விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் சுவாமி சிவாநந்தர் அவருக்குத் துறவு நல்கினார்.

கட்டளையிட்ட அதிபர் கட்டளை கேட்கும் துறவியானார். இது விடுதலையா, கட்டா?

கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. துண்டு என்னுஞ் சீட்டின்றி ஒரு தொழிலாளி வேறு தோட்டஞ் செல்லல் அரிது. கடன் தீர்ந்தாலன்றித் துண்டு கிடையாது. அம்முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. அந்த ஏழைகளின் பணிவையும், மறு ஆண்டிலே அடிகள் தாமே மேற்கொண்ட பணிவையும் ஒரே பெயரால் அழைப்பது எமக்குப் பொருந்தவில்லை. அடிகளுக்கு வாயில் என்றுந் திறந்தேயிருந்தது.

1925இல் ஈழம் மீண்டு மிஷன் பாடசாலைகளை நிருவகித்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அக்காலத்திலே அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அது உத்தியோகத்தில் அடங்கியதன்று. அவர் தாமே தேர்ந்த வேலை. 1933இல் அப்பதவியை விட்டு மீண்டும் பாடசாலைப் பணிக்கே வந்தார்.

இதற்கிடையே, வழக்கொழிந்த யாழின் இயல்பைக் கணிதங் கொண்டு ஆராயத் தொடங்கியிருந்தார். அவ்வேளையிலே, 1939இல், பிரபுத்த பாரத என்னும் ஆங்கில மாசிகையை நடாத்தும் பொறுப்பு அவரை நாடி வந்தது. இமயமலையில் ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள மாயாவதிக்குச் சென்று ஈராண்டு அதன் ஆசிரியராயிருந்தார். யாழாராய்ச்சிக்கு இதனை நாம் இழப்பென்றே சொல்லுவோம். பெரியோர் சிலர் உடன்படார். ஆங்கிலத்தில் எழுத வேறு பலர் இருந்தனர். யாழுக்கோ அவரொருவரே இருந்தார். ஆயினும் போகவேண்டும் என்று துணிந்தவர் அவர். அத்துணிவை அவருக்காக நாம் செய்ய முடியாது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பிலே அமர்ந்தார். அப்பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தபோது அவர் இல்லை. 1947 யூன் மாதத்தில், உடல் நலிந்த நிலையிலே, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதம் 19ஆந் திகதி கொழும்பிலே அடிகள் மறைந்தார். அவருடலைச் சிவாநந்த வித்தியாலய வளவிலே, மரநிழலில், சமாதி வைத்தனர்.