வண்ணத்துப்பூச்சிகளை ஒப்பிட்ட வொலஸ்

உயர்தர உயிரியலில் இயற்கைத் தேர்வு என்றதும் டார்வினின் பெயரைத்தான் படிக்கிறோம். அதே கருத்தைத் தனியாகச் சிந்தித்துக் கண்டவர் அல்பிரட் ரசல் வொலஸ். அதில் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பங்குண்டு.

அவர் 1823 இல் வேல்ஸில் பிறந்தார். வறுமையால் ஏறக்குறைய 14 வயதில் பாடசாலைக் கல்வி நின்றது. அண்ணனுடன் நில அளவை வேலை செய்தார். 1848 இல் நண்பர் ஹென்றி பேட்ஸுடன் அமேசன் காட்டுக்குச் சென்று, பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்றே செலவைச் சமாளித்தார். 1852 இல் ஊர் திரும்பும் வழியில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு எரிந்துபோனது. பத்து நாட்கள் சிறுபடகில் தத்தளித்து உயிர் தப்பினார். எல்லாம் இழந்தபின் மீண்டும் தொடங்குவது எவ்வளவு கடினம் என்று வன்னியில் வாழும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வொலஸ் மீண்டும் தொடங்கினார்.

1854 இல் சிங்கப்பூர் வந்து, எட்டு ஆண்டுகள் மலாயத் தீவுகளில் அலைந்தார். சரவாக்கில் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் அவருக்கு வலக்கையாக இருந்தார். 125,000 க்கும் அதிகமான மாதிரிகள் சேர்ந்தன. எது எந்தத் தீவில் கிடைத்தது என்று குறித்து வைத்ததால்தான் ஒப்பிட முடிந்தது. செலிபிஸ் தீவின் வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் முன்சிறகுகள், அயல்தீவுகளின் நெருங்கிய இனங்களைவிட அதிகம் வளைந்திருப்பதைக் கண்டார். 1858 இல் காய்ச்சலில் கிடந்தபோது கருத்துத் தெளிவாகி, டார்வினுக்கு எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் இருவரின் எழுத்துகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

அவர் ஆராய்ந்த ஒன்று எங்கள் வளவுகளிலும் பறக்கிறது. அதுதான் கொமன் மோர்மன். ஆண் கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களில் சில ஆணைப் போலவும், சில சிவப்பு அடையாளங்களுடன் வேறொரு இனம் போலவும் இருக்கும். முன்பு இவற்றை வெவ்வேறு இனங்கள் என்றே எண்ணினர். இவை ஒரே இனத்தின் பெண்களே, பறவைகள் விரும்பாத வேறு வண்ணத்துப்பூச்சிகளின் தோற்றத்தால் தப்புகின்றன என்று 1865 இல் வெளிவந்த கட்டுரையில் வொலஸ் விளக்கினார். இத்தகைய பாவனையை அமேசன் மழைக்காட்டில் பேட்ஸ் ஏற்கெனவே கண்டிருந்தார். காலநிலை வேறு, இனங்கள் வேறு, தப்பும் வழி ஒன்றே.

1913 இல், 90 வயதில் வொலஸ் காலமானார். பல்கலைக்கழகத்தில் படிக்காதவர், பார்த்ததை இடத்தோடு எழுதிவைத்தே உலகுக்குப் பாடம் சொன்னார். நானும் குளக்கட்டிலும் வயலோரத்திலும் காண்பவற்றை இடம், திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். உம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள்: தேசியிலோ கறிவேப்பிலையிலோ பறவை எச்சம் போன்ற புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள். அது மோர்மனின் குஞ்சாக இருக்கலாம்.