நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு, படத்துக்குள் எடுத்த குட்டிப் படங்கள்: கலைவாணர் என்.எஸ்.கே. சினிமா கற்ற கதை

கொரோனா சமயத்தில் தமிழக சட்டப்பேரவை கோட்டையை விட்டு வெளியே கூடியது நினைவிருக்கிறதா? சமூக இடைவெளிக்காக 2020 செப்டம்பரில் எம்.எல்.ஏ.க்கள் போய் உட்கார்ந்த இடம், சென்னை வாலாஜா சாலையில் இருக்கும் கலைவாணர் அரங்கம். அந்தக் கலைவாணர் யார் என்று கேட்டால், பழைய கறுப்பு வெள்ளைப் பட காமெடியன் என்பதோடு பலருக்கும் பதில் முடிந்துவிடும். அவர் கதை எழுதினார், நாடகக் குழு நடத்தினார், படம் தயாரித்தார், இயக்கினார். இதில் எதையும் அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை.

சோடா விற்ற பையன்

என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்தது 1908 நவம்பர் 29, நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்பா சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் வறுமைக்குப் பஞ்சமில்லை. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்கப் போனார். சோடா விற்கிற பையனுக்கு ஒரு வசதி உண்டு: தினமும் நாடகத்தை ஓசியில் பார்க்கலாம். ஊரில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கும், அதுவும் காதில் ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் நடிக்க விரும்பிய ஏழைப் பையன்களுக்கு அதுதான் பள்ளி, ஹாஸ்டல், வேலை எல்லாமே. அங்கிருந்து சினிமா. மேனகா (1935), சதிலீலாவதி (1936) என்று கணக்கு தொடங்கியது. சதிலீலாவதியில்தான் எம்.ஜி.ஆரும் அறிமுகம்.

படத்துக்குள் ஒரு படம்

இங்கேதான் சுவாரசியமான விஷயம் வருகிறது. இன்று காமெடி டிராக் என்கிறோமே, அதை ஒரு தனித் தொழிலாகவே நடத்தியவர் என்.எஸ்.கே. டைரக்டர் ஹீரோ ஹீரோயினை வைத்து மெயின் கதையை எடுப்பார். காமெடிப் பகுதியை என்.எஸ்.கே.யும் அவருடைய ஆட்களும் தனியாகப் பார்த்துக்கொள்வார்கள். கதையை யோசிப்பது, வசனம், பாட்டு, யார் எந்த வேஷம் என்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஜோடியாக டி.ஏ.மதுரம். 1936இல் வசந்தசேனா படத்துக்காகப் புனே போனபோது பழகியவர்கள், வாழ்க்கையிலும் ஜோடியானார்கள்.

அதாவது ஒவ்வொரு படத்துக்குள்ளும் அவர் ஒரு குட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பல வருஷம், அடுத்தவர் காசில் நடந்த பயிற்சி! பிற்காலத்தில் அவர் டைரக்டர் ஆனது திடீர் ஆசையால் இல்லை என்று சொல்ல இது போதும்.

முப்பது மாதம்

1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர், காமெடி என்.எஸ்.கே. ஆனால் படம் ஓடிய பெரும்பாலான நாட்கள் இருவரும் ஜெயிலில்.

சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இந்த வழக்கில் பாகவதர், என்.எஸ்.கே., கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீலும் தோற்றது. கடைசி வாசல் லண்டன் பிரிவி கவுன்சில். அது வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

லண்டன் வரை வழக்கு நடத்த பணம்? வெளியே இருந்த மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே. பெயரிலேயே நாடக சபா நடத்தினார்கள். அந்த சபாவின் பைத்தியக்காரன் நாடகம் படமாகவும் ஆனது. அதன் வேலை முடிவதற்குள் என்.எஸ்.கே. வெளியே வந்துவிட, அவருக்கும் காட்சிகள் சேர்த்து 1947இல் ரிலீஸ் செய்தார்கள்.

ஜெயிலுக்குப் பிறகு பாகவதரின் படங்கள் பழைய மாதிரி ஓடவில்லை. என்.எஸ்.கே.வுக்கு மட்டும் இரண்டாவது இன்னிங்ஸ் கிடைத்தது எப்படி? குரலையும் தோற்றத்தையும் நம்பிய ஸ்டாருக்கு காலம் மாறினால் சிரமம். எழுதவும் ஆட்களைச் சேர்க்கவும் தெரிந்தவருக்கு வேறு வழிகள் இருந்தன.

டைரக்டர் நாற்காலி

1949இல் அண்ணாவின் கதை வசனத்தில் நல்லதம்பி. ஜமீன் சொத்து கைக்கு வரும் ஒருவன் அதை ஊருக்குச் செலவழிக்கும் கதை. அதில் வரும் கிந்தனார் காலட்சேபம் இன்றும் பேசப்படுகிறது. நந்தனாரின் கதையைத் திருப்பிப் போட்டு, சிதம்பரத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் போகிற பையனாக மாற்றியிருந்தார். நாலாம் வகுப்போடு நின்றவர் இதைச் செய்தார் என்பதை மறக்க வேண்டாம்.

1951இல் மணமகள். வசனம் மு.கருணாநிதி, தயாரிப்பும் இயக்கமும் என்.எஸ்.கே. பத்மினிக்குத் தமிழில் பெரிய திருப்பம் தந்த படம் இது. அடுத்த ஆண்டு பணம். காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டியைச் சேர்ந்த ஏ.எல்.சீனிவாசன், அதாவது கண்ணதாசனின் அண்ணன், தயாரித்தார். பராசக்தி முடித்த கையோடு சிவாஜி நடித்த படம். இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் அந்த ஆண்டு திடீரென்று இறந்துவிட்டார். அவரிடம் உதவியாளர்களாக இருந்த இரண்டு இளைஞர்களை ஜோடியாக்கி, பணம் படத்தில் டைட்டில் கார்டு கொடுத்தார் என்.எஸ்.கே. அந்த ஜோடி விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அடுத்த 13 வருஷம் தமிழ் சினிமா பாட்டு என்ன ஆனது என்பது தெரிந்த கதை.

சின்ன வயதில் கேட்ட வில்லுப்பாட்டையும் அவர் விடவில்லை. சுப்பு ஆறுமுகத்தைக் கூட வைத்துக்கொண்டு, கோயில் கொடையில் கேட்ட அந்தக் கலையில் காந்தி கதையைச் சொன்னார். நாகர்கோவிலில் சொந்தச் செலவில் காந்திக்கு நினைவுத் தூணும் எழுப்பினார்.

கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். வருமானம் குறைந்த பிறகும் கொடுத்தார். இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். வீட்டுக்காரர்களுக்கு அது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. 1957 ஆகஸ்ட் 30 அன்று சென்னையில் காலமானார். வயது 48.

தி.நகரில் ஜி.என்.செட்டி சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969 பொங்கல் அன்று அதைத் திறந்துவைத்தவர் நல்லதம்பிக்கு வசனம் எழுதிய அண்ணா, அப்போது முதலமைச்சர். உடல்நிலை மிக மோசமாக இருந்தும் வந்திருந்தார். மூன்று வாரம் கூட ஆகவில்லை, பிப்ரவரி 3 அன்று அண்ணாவும் மறைந்தார்.