விமானிகளை உருவாக்கிய எட்வின் லிங்க்

நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆகவேண்டும். ஆனால், விமானம் ஓட்டக் கற்பவன் வானில் ஏறாமலே அக்கலையின் பெரும்பகுதியைப் பயின்றுவிட இயலும். இப்புதுவழியை உலகிற்குக் காட்டியவர் எட்வின் லிங்க் என்னும் பெரியார் ஆவார்.

லிங்க், அமெரிக்க நாட்டின் இண்டியானா மாநிலத்தில் 1904-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள் பிறந்தார். அவருடைய இளமையிலேயே குடும்பம் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் குடியேறியது. அங்கு அவர் தந்தையார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். துருத்திகளாலும் குழாய்களாலும் காற்றைச் செலுத்தி இசை எழுப்பும் அக்கருவிகளைச் செய்வதில் லிங்க் கைதேர்ந்தவரானார்.

ஆயினும், அவர் உள்ளம் வானத்தையே நாடியது. 1920-ஆம் ஆண்டில் 50 டாலர் கொடுத்து முதற்பாடம் கற்கச் சென்றார். ஆசிரியரோ விமானத்தைக் கரணமடிக்கச் செய்து வேடிக்கை காட்டினாரேயன்றி, மாணவரை இயக்குகோலைத் தொடவும் விடவில்லை. கற்பிக்கும் முறை இதுவன்று என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

தொழிற்சாலையின் நிலவறையில் இருந்துகொண்டு, 1927 முதல் 1929 வரை அவர் அயராது உழைத்தார். குட்டைச் சிறகுகள் உடைய சிறு விமானம் போன்ற பெட்டி ஒன்று உருவாயிற்று. ஆர்கனுக்குக் காற்றூட்டிய துருத்திகளே அதனைச் சாய்த்தன, நிமிர்த்தின. உள்ளே அமர்ந்தவர் இயக்குகோலை அசைத்தால், பெட்டி மெய்யான விமானம் போலவே அசைந்தது. ஆனால், அதன் அருமையை அன்று அறிந்தவர் சிலரே. கேளிக்கைப் பூங்காக்களே அதனை விளையாட்டுப் பொருளாக வாங்கின. லிங்க் மனந்தளரவில்லை. தாமே ஒரு பயிற்சிப்பள்ளி தொடங்கிக் குறைந்த செலவில் பலர்க்குக் கற்பித்தார்.

1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க அரசு அஞ்சல் விமானங்களை ஓட்டும் பொறுப்பைப் படைவிமானிகளிடம் ஒப்படைத்தது. இருளிலும் பனியிலும் கருவிகளை மட்டும் நோக்கி ஓட்டும் பயிற்சி அவர்களுள் பலர்க்கு இல்லை. சில மாதங்களுக்குள் பத்துப் பேருக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அந்நாளில் லிங்கைக் காணப் படையதிகாரிகள் நூவர்க் நகரில் காத்திருந்தனர். மூடுபனி மிக்கிருந்தமையால் அவர் வாரார் எனக் கருதினர். அவரோ கருவிகளின் துணையால் தம் விமானத்தை ஓட்டிவந்து இறங்கினார். இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? படையினர் ஆறு பொறிகளை உடனே வாங்கினர்.

பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பல்லாயிரம் விமானிகள் விரைவில் தேவைப்பட்டனர். பயிற்சி விமானங்களும் ஆசிரியர்களும் போதவில்லை. அக்குறையைப் பெரிதும் போக்கியது லிங்கின் நீலப்பெட்டியேயாம். மாணவன் மூடிய பெட்டிக்குள் அமர்ந்து கருவிகளை நோக்கி ஓட்டுவான். வெளியே ஆசிரியரின் மேசைமேல் அவன் சென்ற வழி வரைபடத்தில் பதியும். தவறு செய்தவனுக்கு இழப்பு ஒன்றுமில்லை, மீண்டும் முயலலாம். இவ்வாறு ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் பயின்றனர். இன்று பயணிகள் விமானங்களை ஓட்டுவோர் பயிலும் பெரும்பொறிகள் யாவும் அப்பெட்டியின் வழித்தோன்றல்களே.

முதுமையில் லிங்க் ஆழ்கடல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1973-ஆம் ஆண்டில், அவர் வகுத்த நீர்மூழ்கி கடலடியில் சிக்கியது. அதனுள் இறந்த இருவருள் ஒருவர் அவருடைய அருமை மகன். ஆற்றொணாத் துயரிலும் அவர் ஓய்ந்திலர். கடலடியில் சிக்குவோரை மீட்கும் கருவி ஒன்றை அமைப்பதில் முனைந்தார். 1981-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

தாம் பெற்ற குறையுள்ள பாடத்தை, வருவோர்க்கு நிறைவுள்ள பாடமாக மாற்றித் தந்தவர் லிங்க். பிறர் உயிரைத் தம்முயிர்போல் பேணிய அவர்தம் உழைப்பு என்றும் போற்றத்தக்கது.