பூசணிக்காயில் ஆபரேஷன்: சுஷ்ருதர் நடத்திய பயிற்சி வகுப்பு

ஆரணியில் தறி பழக வரும் பையனை எடுத்ததுமே முகூர்த்தப் பட்டில் உட்கார வைக்க மாட்டாங்க. ஆனா தறியில் இழை அறுந்தா முடிஞ்சுக்கலாம். அறுபட்டது ரத்தக்குழாயா இருந்தா? அப்போ சர்ஜனின் கை எங்கே பழகுவது? இன்றைய டாக்டர்கள் விஆர் கண்ணாடி மாட்டிப் பழகுகிறார்கள். இதே கேள்விக்கு அந்தக் காலத்திலேயே விடை வைத்திருந்தவர் சுஷ்ருதர்.

யார் இவர்? விசுவாமித்திரரின் மகன், காசி மன்னர் திவோதாச தன்வந்திரியின் மாணவர் என்கிறது, அவர் பெயரிலேயே உள்ள சுஷ்ருத சம்ஹிதை. கி.மு. 600 என்று பலரும் சொல்லும் காலக்கணக்கை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. பல கைகள் பட்டு வளர்ந்த நூல் அது. மொத்தம் 186 அத்தியாயங்கள்.

அதில் சூத்திரஸ்தானத்தின் 9ஆம் அத்தியாயம் முழுக்க பிராக்டிகல் கிளாஸ்தான். வெட்டிப் பழக பூசணி, சுரைக்காய், வெள்ளரி. கீறிப் பழக தண்ணீர் நிரப்பிய தோல் பை. கத்தி எங்கே இறங்கியது என்பதை ஒழுகும் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும்! சுரண்ட, முடியோடு விரித்த தோல். ரத்தக்குழாயில் குத்த, செத்த விலங்கின் குழாய் அல்லது தாமரைத் தண்டு. புண்ணின் ஆழம் தேட, பூச்சி அரித்த மரம். தையல் போட, துணியும் மென்மையான தோலும். கட்டுப்போட, முழு ஆள் பொம்மை. எல்லா நூலும் படித்திருந்தாலும் கை பழகாதவன் சிகிச்சைக்கு லாயக்கில்லை என்பதில் அவர் கறார்.

உடற்கூறு படிக்கும் முறை இன்னும் துணிச்சலானது. இறந்தவரின் உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் ஆற்றில் மறைவாக 7 இரவுகள் ஊறவிட வேண்டும். பிறகு வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றால் செய்த பிரஷ்ஷால் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்க்கணும். பிணத்தைத் தொடுவதே தீட்டு என்ற சமூகத்தில் இப்படி எழுதியிருக்கிறார் என்பதை யோசிச்சுப் பாருங்க.

அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் திரும்ப உருவாக்கும் முறையும் அவர் நூலில் உண்டு. பின்னாளில் அந்த வித்தை வைத்தியர்களிடம் இல்லை, செங்கல் செய்யும் சாதியினரிடம் இருந்தது. திப்புவிடம் கைதியாகி மூக்கை இழந்த கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு, புனேயில் அப்படி ஒருவர் நெற்றித் தோலால் மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதையே 1814இல் லண்டனில் செய்துகாட்டினார் ஜோசப் கார்ப்யூ. அதற்கு முன் அவரும் பல வருஷம் பிணங்களில் பழகியிருந்தார்.